கடை போனை யார் எடுப்பது?

அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி என்ற ஊரில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்து தருவதுதான் தொழில். 1880களின் கடைசியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஊரில் சாவு விழுகிறது, ஆனால் தன் கடைக்கு மட்டும் போன் வர மாட்டேனென்கிறதே என்று. அந்தக் காலத்தில் போனைக் கையில் எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் பேசுவார். யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால் அவர் இணைத்துவிடுவார். அந்த ஆபரேட்டர் போட்டிக் கடைக்காரரின் மனைவி என்றும், ஸ்ட்ரௌஜருக்கு வரும் அழைப்பையெல்லாம் வீட்டுக்காரர் கடைக்கே திருப்பிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. (மனைவி இல்லை, உறவுக்காரப் பெண் என்றும் சொல்வார்கள். கதைதானே!)

கதை எப்படியோ போகட்டும். அதற்கப்புறம் நடந்தது கதை இல்லை. ஆபரேட்டரே இல்லாமல் அழைப்பவரே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891 மார்ச் 10-ம் தேதி ஸ்ட்ரௌஜர் காப்புரிமை வாங்கினார். 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற சின்ன ஊரில் அது வேலைக்கு வந்தது. உலகம் முழுக்க பல பத்தாண்டுகள் ஓடிய ஒரு தொழில்நுட்பம், ஒரு சின்னக் கடைக்காரரின் வயிற்றெரிச்சலில் பிறந்தது.

இந்தக் கதை இப்போது எதற்கு என்றால், நடுவில் உட்கார்ந்து போனை எடுக்கும் அந்த ஆபரேட்டர் திரும்பி வந்துவிட்டார். இந்தத் தடவை ஏஐ வடிவத்தில். அன்றைக்கு அவரை ஒழிக்க ஒரு கடைக்காரர் பாடுபட்டார். இன்றைக்குக் கடைக்காரரே மாதச் சந்தா கட்டிக் கூட்டி வந்து உட்காரவைக்கிறார். "ஒரு கால் கூட மிஸ் ஆகாது", "24 மணி நேரமும் லீவே போடாத ரிசப்ஷனிஸ்ட்", "மனுஷக் குரல் மாதிரியே இருக்கும்" என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. மதுரையில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கூட இரண்டு பையன்கள், ஒரு வண்டி, ஒரு ஜெட் பம்ப். மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. மூன்றாவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை ஸ்லாபில் வைத்துக்கொண்டு அவுட்டோர் யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பாக்கெட்டில் போன் அடிக்கிறது. ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் ஜன்னல் கம்பி. எடுக்க முடியாது. கீழே இறங்கிப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் மூன்று பேர் "வேற ஆள் பாத்துட்டோம்ணே" என்கிறார்கள். இவருக்கு ஏஐ ரிசப்ஷனிஸ்ட் வரப்பிரசாதம் மாதிரிதான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான். மே மாதத்தில் ஒரு நாளைக்கு 25 அழைப்பு எடுக்க முடியாமல் போகிறது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். மாதத்துக்கு 1,500 நிமிடம். நிமிடத்துக்கு 5 ரூபாய் என்றால் 7,500 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 8,850 ரூபாய். (ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், அந்த 1,350 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. முழுக்கச் செலவுதான்.) ஒரு ஜெனரல் சர்வீஸில் பெட்ரோல், பையன் கூலி எல்லாம் போக 250 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தவறும் 750 அழைப்பில் 36 வேலை கிடைத்தாலே போட்ட காசு வந்துவிடும். நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. இதைக் காட்டித்தான் விற்பனைப் பிரதிநிதி கையெழுத்து வாங்குவார்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த 36 வேலையை யார் செய்வது?

மே மாதத்தில் அவர் கையில் ஏற்கெனவே நாள் முழுக்க வேலை இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு ஏழு மெஷினுக்கு மேல் பார்க்க முடியாது. போனை எடுக்காததால் தொழில் நிற்கவில்லை, ஏணியில் ஏற ஆள் இல்லாததால் நிற்கிறது. அப்படி இருக்கும்போது எல்லா அழைப்பையும் எடுத்து "நாளைக்கு வந்துடுவாங்க சார்" என்று இனிமையாகச் சொல்லும் ஒரு இயந்திரம் அவருக்கு லாபத்தையா கொண்டு வரும்? இருபத்தைந்து பேரின் கோபத்தைத்தான் கொண்டு வரும். போனை எடுக்காதவர் மேல் வரும் கோபம் அஞ்சு நிமிஷத்தில் போய்விடும். வருகிறேன் என்று சொல்லி வராதவர் மேல் வரும் கோபம் அந்தத் தெரு முழுக்கப் பரவும்.

நவம்பரில் நிலைமை தலைகீழ். அடைமழை நேரம், ஏசி யாருக்கு வேண்டும்? அப்போது வரும் ஒவ்வொரு அழைப்பும் தங்கம். ஆனால் அப்போது அவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அவரே எடுத்துவிடுவார். ஆக இயந்திரம் அதிகம் உழைக்கும் மாதத்தில் அதனால் வரும் வருமானம் குறைவு, வருமானம் தேவைப்படும் மாதத்தில் அதற்கு வேலையே இல்லை. இந்த முரண்பாட்டை எந்த விளம்பரமும் சொல்லாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கட்டணத்தின் அளவை விட அதன் வடிவம். 1,500 நிமிடத்துக்கான திட்டத்தை வருடம் முழுக்கக் கட்டினால் 1,06,200 ரூபாய். அதையே பேசிய நிமிடத்துக்கு மட்டும் கட்டும் முறையில், கோடை மூன்று மாதம் 8,850 வீதம், மீதி ஒன்பது மாதம் நாளுக்கு நான்கு அழைப்பு என்ற கணக்கில் மாதம் 1,416 வீதம் என்று வைத்தால், மொத்தம் 39,294 ரூபாய். வித்தியாசம் 66,906. நிலையான செலவு, மாறும் செலவு என்று முதல் வருஷத்தில் படித்ததெல்லாம் இதற்குத்தான். சீசன் தொழில் செய்பவர் வருடச் சந்தாவில் சிக்கக்கூடாது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

அப்படியானால் இந்த இயந்திரத்தால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற இடத்தில் இல்லை. மே மாதத்தில் அந்த ஏசிக்காரருக்கு வேண்டியது மரியாதையாக "இல்லை" சொல்லும் ஒரு ஆள். "வியாழக்கிழமைக்கு முன்னாடி ஆள் இல்லைங்க, அவசரம்னா வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். வருகிற 25-ல் எது உடனே போக வேண்டியது என்று பிரிக்க வேண்டும். சுவிட்ச் போர்டு மேல் தண்ணீர் ஒழுகுகிறதா, கைக்குழந்தை இருக்கும் வீடா, ஏஎம்சி போட்ட பழைய வாடிக்கையாளரா... இதைக் கேட்டு எழுதிவைத்தால் போதும். அவர் மாடியிலிருந்து இறங்கியதும் யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும். 25 அழைப்பில் 20 பேரை நல்லபடியாக அனுப்பிவைப்பதும் வியாபாரம்தான். அடுத்த நவம்பரில் அந்த 20 பேரில் சிலர் திரும்ப வருவார்கள்.

இந்த வேலையைச் செய்ய இயந்திரத்துக்கு முதலில் காது வேண்டும்.

இவை வேலை செய்யும் விதம் ரொம்பச் சிக்கலானதில்லை. அழைப்பவர் பேசுவதை ஒரு மென்பொருள் எழுத்தாக மாற்றும். பெரிய மொழி மாதிரி ஒன்று அந்த எழுத்தைப் படித்துப் பதில் எழுதும். இன்னொரு மென்பொருள் அந்தப் பதிலைக் குரலாக மாற்றும். (மூன்றையும் ஒன்றாகச் செய்யும் மாதிரிகளும் வந்துவிட்டன.) இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று பத்து மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு! அந்தப் பத்தில் தமிழ் இல்லை. இருந்திருந்தால், அடுத்தவர் முடிக்கும் முன்பே பேச ஆரம்பிக்கும் பழக்கத்துக்கு நம்மவர்கள் ஒரு சாதனை படைத்திருப்பார்கள் :-) இயந்திரம் பதில் சொல்ல இரண்டு நொடி எடுத்தால் அழைப்பவர் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த "கேக்குதா"வுக்கு அது பதில் சொல்லப் போக, இவர் மறுபடி ஆரம்பிக்க... நாடகம்தான்.

அடுத்தது மொழி. விற்பனைப் பிரதிநிதி காட்டும் டெமோவில் ஒருவர் அமைதியான அறையில் உட்கார்ந்து செய்தி வாசிப்பது போலப் பேசுவார். நிஜத்தில் வரும் அழைப்பு இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, வில்லாபுரம் ஹவுசிங் போர்டுலேர்ந்து பேசுறேன். போன வருசம் வந்தீங்கள்ல, பால் பூத்துக்கு எதுத்த சந்து. காத்து வருது, ஜில்லுனு இல்லண்ணே. கேஸு போயிருச்சோ என்னமோ. நாளன்னைக்கு ஒரு நாலரை வாக்குல வாங்க." பின்னால் டவுன் பஸ் ஹார்ன், குழந்தை அழுகை, டிவியில் சீரியல். இதில் கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை, தேதி இல்லை. ஆனால் ஏசிக்காரருக்கு எல்லாத் தகவலும் இருக்கிறது. இயந்திரம் "நாளன்னைக்கு" என்பதை நாளைக்கு என்று எழுதினால் ஒரு வாடிக்கையாளர் போச்சு. "நாலரை"யை நான்கு என்று எழுதினாலும் அதே கதிதான். போன் நம்பர் சொல்லும்போது "டபுள் ஃபைவ், ட்ரிபிள் ஜீரோ" வரும். பாதி தமிழில், பாதி இங்கிலீஷில் வரும்.

போன் லைனின் கோளாறு வேறு. பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் போகும். அதனால்தான் போனில் "எஸ்"ஸும் "எஃப்"பும் ஒன்றாகக் கேட்டு, எல்லாரும் "எஸ் ஃபார் சேலம்" என்று கத்துகிறார்கள். வோல்ட்டி வந்தபின் தரம் கூடியிருக்கிறது. ஆனாலும் அழைப்பு ஃபார்வர்ட் ஆகி இன்னொரு நெட்வொர்க்குக்குப் போகும்போது பல நேரம் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். காசுக்குப் பஞ்சமில்லாத மெக்டொனால்ட்ஸே இதில் தடுமாறியது. 2021-ல் ஆரம்பித்து, அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில், காரில் வருபவர்களிடம் ஆர்டர் வாங்க ஐபிஎம்முடன் சேர்ந்து குரல் இயந்திரத்தை வைத்துப் பார்த்து, 2024 ஜூலையில் அந்தச் சோதனையை நிறுத்திக்கொண்டது. அங்கே இருப்பது ஒரு பக்க மெனு. இங்கே பால் பூத்துக்கு எதிர்ச் சந்து!

எனவே டெமோவை நம்பக்கூடாது. கடைக்கு நிஜமாகவே போன் செய்யும் பத்துப் பேரை வைத்து அழைக்கச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி, வண்டி ஓட்டிக்கொண்டே பேசும் ஒரு ஆள், கோபக்காரர் ஒருவர், பேச்சை முடிக்கவே தெரியாத ஒருவர். பத்து அழைப்பிலும் இயந்திரம் எழுதிவைத்த பெயர், எண், இடம், நேரம் நான்கையும் சரிபார்த்தால் போதும். குரல் எவ்வளவு இனிமை என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. "மனுஷன்கிட்ட குடும்மா" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்கிறது என்பதற்கு இரட்டை மதிப்பெண் கொடுக்கலாம். சில, "நிச்சயமாக, அதற்கு முன் உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கும். அவற்றை அங்கேயே கழித்துவிடலாம்.

தான் இயந்திரம் என்று முதல் வாக்கியத்திலேயே அது சொல்ல வேண்டும். 2018 மே மாதம் கூகுள் தன்னுடைய டூப்ளெக்ஸை மேடையில் காட்டியபோது அது ஒரு முடி திருத்தும் கடைக்கு போன் செய்து, நடுநடுவே "ம்ம்ம்" எல்லாம் போட்டுப் பேசியது. எதிர்முனையில் இருந்தவருக்கு அது இயந்திரம் என்று தெரியவில்லை. கைத்தட்டலோடு கண்டனமும் வந்து, இனிமேல் சொல்லிவிட்டே பேசும் என்று கூகுள் அறிவித்தது. பெரிய கம்பெனி செய்தால் உலகமே பேசும். சந்துக் கடை செய்தால் அந்தச் சந்து பேசும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அஞ்சு நிமிடம் "நல்லா இருக்கியாம்மா, அண்ணன் பிள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சுதா" என்று விசாரித்துவிட்டு, பிறகு அது மெஷின் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

இப்போது முக்கியமான இடம். இயந்திரம் என்னவெல்லாம் சொல்லலாம்?

"கேஸ் ஃபில்லிங் எவ்வளவு?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஏசிக்காரர் போனில் இதற்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டார். எந்த கேஸ், ஆர்-22-ஆ, ஆர்-410ஏ-வா, ஆர்-32-ஆ, எத்தனை டன், எங்கே லீக், பற்றவைக்க வேண்டுமா என்று பார்க்காமல் விலை சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். "வந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்பார். அந்த மழுப்பல்தான் அவருடைய அனுபவம். இயந்திரத்துக்கு மழுப்பத் தெரியாது. கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் சுபாவம். விலைப் பட்டியலைக் கொடுத்து வைத்திருந்தால் அதில் இருப்பதைச் சொல்லும். சில நேரம் பட்டியலில் இல்லாததையும் உறுதியான குரலில் சொல்லிவிடும்.

சொன்னால் யார் பொறுப்பு? கனடாவில் இது ஒரு வழக்காகவே வந்தது. 2022-ல் பாட்டி இறந்துபோன ஒரு பயணி, ஏர் கனடா இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் துக்க நிகழ்வுக்கான சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கி 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்றது சாட்பாட். கம்பெனியின் விதியோ, பயணம் முடிந்தபின் கேட்க முடியாது என்பது. தகராறு பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட அமைப்பு என்கிற மாதிரி ஒரு வாதம் கம்பெனி தரப்பில் வைக்கப்பட்டது! தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, 650 கனடா டாலர் சொச்சம் இழப்பீடும் அதன் மேல் வட்டியும் கட்டணமும் கொடுக்கச் சொன்னது.

இந்தியாவில் என்ன? வணிகச் சட்டம் தாளில் ஏஜென்சி பாடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 182-வது பிரிவுப்படி ஏஜென்ட் என்பவர் ஒரு 'நபர்'. இயந்திரம் நபர் இல்லை. அப்பாடா என்று கடைக்காரர் பெருமூச்சு விட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் 11-வது பிரிவு இருக்கிறது. ஒருவரால் அல்லது அவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கணினி அனுப்பிய மின்னணுப் பதிவும் அவருடையதாகவே கொள்ளப்படும் என்கிறது அது. மின்னணுப் பதிவு என்பதில் ஒலியும் சேர்த்தி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "உங்க ஆபீஸ்ல 1,500 ரூபான்னு சொன்னாங்க" என்று வாசலில் நிற்கும் வாடிக்கையாளரிடம் "அது நான் இல்ல, மெஷின்" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்.

ஆகவே அந்த ஏசிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை விஷயத்துக்குப் பதில் சொல்லும் என்பதல்ல. எதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருக்கவைக்க முடியும் என்பது. விலை சொல்லாதே, நேரம் உறுதி சொல்லாதே, பழுது என்னவென்று ஜோசியம் சொல்லாதே. பெயர், எண், இடம், என்ன தொந்தரவு, எவ்வளவு அவசரம். இதை மட்டும் கேட்டு, "அண்ணன் இறங்கினதும் கூப்பிடுவார்" என்று சொல்லி வைத்துவிடு. "கூப்பிடுவார்" என்பது கூட ஒரு வாக்குறுதிதான், ஆனால் அதைக் காப்பாற்றுவது அவர் கையில் இருக்கிறது. இப்படி வாயைக் கட்ட ஒத்துக்கொள்ளாத சேவை என்ன மலிவாக இருந்தாலும் வேண்டாம். புத்திசாலித்தனத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தாதே என்பது விரயம் என்று சிலருக்குத் தோன்றும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனை முதல் மாதம் கல்லாவில் உட்காரவைப்பதில்லையே, அந்த மாதிரிதான்.

இனி ஸ்ட்ரௌஜரின் பிரச்சினைக்கு வரலாம். நடுவில் இருப்பவர் யார் பக்கம்?

இந்தச் சேவையை இரண்டு வழியில் பொருத்துவார்கள். ஒன்று, கடைக்காரரின் எண் அப்படியே இருக்கும். இத்தனை நொடி எடுக்காவிட்டால் இயந்திரத்துக்குப் போ என்று கால் ஃபார்வர்டிங் போடுவது. இரண்டு, அந்தக் கம்பெனி ஒரு புது எண் கொடுத்து, இதையே போர்டிலும் பில்லிலும் கூகுள் மேப்பிலும் போடுங்கள் என்று சொல்வது. இரண்டாவது பார்க்க ஜம்மென்று இருக்கும். அங்கேதான் சிக்கல். ஷட்டரில் பெயின்ட் அடித்த, வாடிக்கையாளர் ஃப்ரிட்ஜில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிற எண் கம்பெனியின் பெயரில் இருக்கும். 2011-லிருந்து நாடு முழுக்க மொபைல் எண்ணை மாற்றாமல் நெட்வொர்க்கை மாற்றும் வசதி இருக்கிறது என்றாலும், அது எண்ணுக்குச் சொந்தக்காரருக்குத்தானே? சந்தாவை நிறுத்திய மறுநாள் அந்த எண் இன்னொரு ஏசிக்காரருக்குப் போகாது என்று ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதனால் எண் கடைக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும், ஃபார்வர்டிங் மட்டும்தான். அதிலும் எல்லா அழைப்பையும் அனுப்பாமல், எடுக்காதபோது அல்லது லைன் பிசியாக இருக்கும்போது மட்டும் போகும்படி வைக்கலாம். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை 5 முதல் 30 வரை ஐந்தைந்து நொடியாக வைத்துக்கொள்ளும் வசதி மொபைல் முறையிலேயே உண்டு. பொதுவாக ஃபார்வர்ட் ஆகும் பகுதி கடைக்காரர் செய்த அழைப்பாகக் கணக்கில் வரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. *401 என்று ஆரம்பிக்கும் எண்ணை அழுத்தச் சொல்லி, அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பி ஓடிபி திருடும் கும்பல் பெருகியதால், யூஎஸ்எஸ்டி வழி ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதனால் யாராவது போனில் கூப்பிட்டு "ஏஐ சர்வீஸ் ஆக்டிவேட் பண்றோம், இந்த எண்ணை அழுத்துங்க" என்றால் உடனே கட் செய்துவிட வேண்டியதுதான். போன் செட்டிங்ஸில் போய்த் தானே செய்ய வேண்டும், அல்லது நெட்வொர்க் கடையில் நேரில் கேட்க வேண்டும்.

எண்ணுக்கு அடுத்து அழைப்புப் பதிவேடு. யார், எப்போது, எந்த ஏரியாவிலிருந்து, என்ன கேட்டார் என்ற பட்டியல் ஒரு வருடம் சேர்ந்தால் அது கடையின் உண்மையான சொத்து. ஐந்தொகையில் எங்கும் வராது, ஆனால் நற்பெயர் என்று கணக்கியலில் சொல்வதன் முக்கால் பங்கு அதுதான். அந்தப் பட்டியலைக் கேட்டவுடன் எக்செல் கோப்பாகத் தருவார்களா? ஒப்பந்தம் முடிந்தால் தங்களிடம் இருப்பதை அழிப்பார்களா? அழைப்பு ஒலிகளை வைத்துத் தங்கள் மாதிரியைப் பயிற்றுவிப்பார்களா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளுபவர் வெளிக் கம்பெனியாக இருந்தாலும் பொறுப்பு அதை எதற்காகச் சேகரிக்கிறோம் என்று முடிவு செய்பவருக்கே, அதாவது கடைக்காரருக்கே. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. மூன்று பேர் கடையை யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடலாம். ஆனால் "வீட்டில் யாரும் இல்லை, சனிக்கிழமைதான் ஊரிலிருந்து வருவோம்" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்காரருக்காக யோசிக்க வேண்டும்.

"பழைய வாடிக்கையாளர்களுக்கு இதுவே போன் செய்து சர்வீஸ் ஞாபகப்படுத்தும்" என்று கூடுதலாக ஒன்றை விற்பார்கள். அது வேறு சமாச்சாரம். விளம்பர அழைப்புக்கு 140 வரிசை எண், பதிவு என்றெல்லாம் டிராய் விதிகள் இருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து மொத்தமாக அழைப்பவர்களின் இணைப்பைத் துண்டிக்க 2024 ஆகஸ்ட்டில் உத்தரவே போட்டது. நவம்பரில் சும்மா இருக்கும்போது ஏசிக்காரரே உட்கார்ந்து நாளுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டுவிடலாம், அதற்கு எந்த ஏஐயும் வேண்டாம்.

பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை போன் எடுக்க வைத்தால் என்ன என்று கேட்கலாம். அழைப்பு வருடம் முழுக்கச் சீராக வரும் கடை என்றால், ஒரு லேப் அல்லது கிளினிக் என்றால், அதுதான் சரி. கூட்டி வரும் இரண்டு பேரில் யார் அவசரம் என்று குரலை வைத்தே அவர் சொல்லிவிடுவார். ஏசிக்காரருக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் தேவை. மூன்று மாத வேலைக்கு நல்ல ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அடுத்த கோடையில் திரும்ப வருவதில்லை. இந்த இடத்தில் மட்டும் இயந்திரம் நியாயமான பதில். அதுவும் வாயைக் கட்டி, நிமிடக் கணக்கில், அவருடைய எண்ணிலேயே.

பி.கு.: சந்தாவை நிறுத்தும்போது ##002# அழுத்தி எல்லா ஃபார்வர்டிங்கும் போய்விட்டதா என்று இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். பலர் பணம் கட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டு இதை மறந்துவிடுவார்கள். அப்புறம் மாடியில் இருக்கும்போது வரும் அழைப்பெல்லாம் யார் காதுக்குப் போகிறது என்றே தெரியாது.